வெள்ளம் வடிவதற்குள் ஒரு முடிவு: நிபுணர்களின் கருத்தை மூன்று நாளில் திரட்டும் முறை

மார்கழி மழையில் மகாவலி பெருகி, திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் பக்கம் வீதி மூடிவிட்டது, முகாம்களில் சனம் நிறைந்துவிட்டது, காய்ச்சலோடு வருபவர்களின் எண்ணிக்கை வைத்தியசாலையில் ஏறிக்கொண்டே போகிறது, ஆய்வுகூட முடிவு வர இன்னும் நாலு நாளாகும் என்கிறார்கள், ஆனால் அரசாங்க அதிபருக்கு (மாவட்டச் செயலாளருக்கு) நாளை மறுநாள் காலை பதில் வேண்டும். இப்படியொரு நேரத்தில் நிபுணர்களின் கருத்தை எப்படி வேகமாகவும் நேர்மையாகவும் திரட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பிரதேச செயலகத்தில், அனர்த்த முகாமைத்துவத்தில், தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கும் இது உதவும்.

வழக்கமாக என்ன நடக்கும்? கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு கூட்டம் போடுவார்கள். மேசையைச் சுற்றி முப்பது பேர். பதவியில் பெரியவர் முதலில் பேசுவார், அடுத்தவர் "சேர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது" என்பார், மூன்றாமவருக்கு வேறு கருத்து இருந்தாலும் அந்த இடத்தில் அதைச் சொல்ல மனம் வராது, கடைசியில் தேநீர் வந்ததும் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று அறிக்கையில் எழுதப்படும். அந்த அறிக்கையில் உண்மையில் இருப்பது ஒருவருடைய கருத்தும் இருபத்தொன்பது பேருடைய மௌனமும்தான். அந்த ஒருவர் சொன்னது சரியாக இருந்தால் தப்பிவிடுவோம். பிழையாக இருந்தால், அதைப் பிழை என்று அறிந்திருந்தவர் அதே மேசையில் வாய் திறக்காமல் இருந்திருப்பார் என்பதை நினைக்க வயிறு எரிகிறது.

ஆகவே இந்த முறையின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: முதலில் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும், அப்புறம் எல்லோரும் பேச வேண்டும், பேசி முடித்ததும் மறுபடியும் தனியாக எழுத வேண்டும். மற்றதையெல்லாம் அவசரத்தில் சுருக்கலாம், விடலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நோர்மன் டால்கி, ஒலாஃப் ஹெல்மர் போன்றவர்கள் உருவாக்கிய டெல்ஃபி முறைதான் இதற்கு அடிப்படை. யார் என்ன சொன்னார் என்று பெயர் தெரியாமல் கருத்துக் கேட்பது, வந்த பதில்களைத் தொகுத்து எல்லோருக்கும் திருப்பிக் காட்டுவது, பார்த்த பிறகு இன்னொரு தடவை கேட்பது, இவ்வளவுதான் அது. பிறகு 1980களில் அதே ராண்டும் லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மருத்துவத் தீர்மானங்களுக்கென்று ஒரு வடிவம் செய்தார்கள்: 9 பேர் கொண்ட குழு, ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 9 வரை புள்ளி, இரண்டு சுற்று, இடையில் நேருக்கு நேர் பேச்சு. 2022 நவம்பரில் நேச்சர் இதழில் வந்த கொவிட் டெல்ஃபியில் 112 நாடுகளையும் பிரதேசங்களையும் சேர்ந்த 386 நிபுணர்கள் கலந்துகொண்டு 41 கூற்றுகளிலும் 57 பரிந்துரைகளிலும் உடன்பட்டார்கள். அது முழு உலகத்துக்கான வேலை, அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு, மூன்று நாளுக்குள் வேண்டுமென்றால், அந்த 9 பேர் வடிவம்தான் கைக்கு அடக்கமானது.

கேள்வி

முதல் நாள் காலையின் முழு நேரத்தையும் கேள்விக்கே கொடுத்தாலும் பரவாயில்லை. "எலிக்காய்ச்சலைத் தடுக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் துறையைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதி அனுப்புவார், அதை வைத்துக்கொண்டு அரசாங்க அதிபர் என்ன கையெழுத்துப் போடுவார்? முடிவு எடுக்கப்போகிறவரிடமே போய் உட்காருங்கள். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரோ, மாவட்டச் செயலாளரோ, யாராக இருந்தாலும் சரி. "உங்கள் முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன? எதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது? எப்போதைக்குள்?" என்று கேளுங்கள். அவருக்கு அதிகாரமே இல்லாத ஒன்றைப் பற்றி நிபுணர்களிடம் கருத்துக் கேட்பது அவர்களுடைய நேரத்தை வீணாக்குவது.

அந்தப் பதிலை எடுத்து ஆறேழு கூற்றுகளாக உடையுங்கள். ஒவ்வொரு கூற்றிலும் யாருக்கு, எங்கே, எது, எவ்வளவு காலம் என்பது இருக்க வேண்டும். ஒரு கூற்றில் ஒரு விஷயம்தான். "மருந்தும் கொடுத்து முகாமையும் மாற்ற வேண்டும்" என்று எழுதினால் மருந்துக்குச் சம்மதித்து முகாம் மாற்றத்துக்குச் சம்மதிக்காதவர் எத்தனை புள்ளி போடுவார்?

வெள்ளத்துக்குப் பிந்திய எலிக்காய்ச்சலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம் (இது நான் விளக்கத்துக்காக அமைக்கும் கற்பனை நிலைமை, நடந்த சம்பவம் இல்லை). கூற்றுகள் இப்படி வரும்:

கூற்று 1: வெருகல், மூதூர், சேருவில பிரிவுகளில் வெள்ளநீரிலோ சேற்றிலோ இறங்கி வேலை செய்யும் விவசாயிகளுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் (எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்து) ஆறு வாரம் கொடுக்க வேண்டும்.

கூற்று 2: அதே பிரிவுகளில் முகாம்களில் இருக்கும் எல்லோருக்கும் அதே மருந்தைக் கொடுக்க வேண்டும்.

கூற்று 3: ஆய்வுகூடம் உறுதிப்படுத்தும்வரை காத்திருக்காமல் உடனே தொடங்க வேண்டும்.

மூன்றாவது கூற்றைப் போன்ற ஒன்றை எப்போதும் சேருங்கள். நெருக்கடியில் "என்ன செய்வது" என்பதைவிட "எப்போது செய்வது" என்பதில்தான் நிபுணர்கள் அதிகம் பிரிகிறார்கள், ஆனால் அதை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மழை வெள்ளத்துக்குப் பின் ஆட்கள் காய்ச்சலால் இறந்தபோது, முதலில் என்ன காய்ச்சல் என்றே தெளிவில்லாமல் இருந்து பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அப்படி உறுதியில்லாத நாட்களில் காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் புள்ளி போடச் சொல்ல வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் கவிழ்கின்றன. ஒரே துறையில் ஒன்பது பேரை எடுத்தால் ஒரே கருத்தை ஒன்பது தடவை கேட்பீர்கள். மேலே சொன்ன எலிக்காய்ச்சல் கேள்விக்கு எனக்குத் தோன்றும் குழு: சமுதாய மருத்துவ நிபுணர் ஒருவர், வைத்தியசாலையில் இந்த நோயாளர்களை நேரில் பார்க்கும் பொது மருத்துவ நிபுணர் ஒருவர், நுண்ணுயிரியல் நிபுணர், பாதிக்கப்பட்ட பிரிவு ஒன்றின் சுகாதார வைத்திய அதிகாரி, பாதிக்கப்படாத பிரிவு ஒன்றின் சுகாதார வைத்திய அதிகாரி (அவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்), களத்தில் பத்துப் பதினைந்து வருடம் நடந்த ஒரு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), மருந்துக் களஞ்சியத்தை அறிந்த மருந்தாளர், கால்நடை வைத்தியர், குடும்ப சுகாதார உத்தியோகத்தர். கால்நடை வைத்தியர் எதற்கு என்று கேட்பார்கள். எலி மட்டுமா, மாடும் எருமையும்கூட இந்தக் கிருமியைச் சிறுநீரில் கழிக்கும், வெள்ளத்தில் மாடுகளும் மனிதர்களும் ஒரே மேட்டில்தான் ஏறி நிற்கிறார்கள்.

துறை விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனமே சாட்சி. 2020 மார்ச் 28 அன்று கொவிட் காற்றில் பரவுவதில்லை என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்டனும் எழுதிய கடிதத்துக்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவு தெரிவித்து, காற்றில் மிதக்கும் நுண்துகள்களால் பரவுவதைக் கவனியுங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. மொராவ்ஸ்கா காற்றுத் துகள்களை ஆராயும் பௌதிகவியலாளர். அப்படிப்பட்டவர்களுடைய அறிவு தொடக்கத்திலேயே மேசைக்கு வந்திருந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வதற்கு இவ்வளவு மாதம் போயிருக்காது என்பது என் கருத்து.

எங்கள் நாட்டு உதாரணம் இன்னும் வலிக்கும். கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் செய்வது 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியோடு கட்டாயமானது. புதைத்தாலும் தகனம் செய்தாலும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள், நிபுணர் குழு இருக்கிறது என்றார்கள். 2020 டிசம்பர் இறுதியிலும் 2021 ஜனவரித் தொடக்கத்திலும் நாட்டின் மருத்துவ அமைப்புகளே அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகும் 2021 பெப்ரவரி 25 வரை அது மாறவில்லை. மாறியபோதும் உடல்களை மட்டக்களப்பின் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இறந்தவரை அடக்கம் செய்வதையே மார்க்கமாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு, கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள எத்தனையோ பேருக்கு, இன்றும் இது ஆறாத விஷயம். "நிபுணர்கள் சொன்னார்கள்" என்ற சொல்லை அதற்குப் பிறகு சனம் எளிதாக நம்பாது, நம்பவும் தேவையில்லை. யார் அந்த நிபுணர்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு முதல் நாளே பதில் வைத்திருக்கும் விதமாகக் குழுவை அமையுங்கள். திருகோணமலையில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள், மூன்று சமூகங்கள், இரண்டு மொழிகள். ஒரே சமூகத்திலிருந்து ஒன்பது பேரும் வந்திருந்தால் அறிவியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் முடிவு வீதியில் நிற்காது. இது அரசியல் பேச்சு இல்லை, மருந்தை வாங்கி விழுங்கப்போவது சனம்தான்.

கமக்காரர் அமைப்புத் தலைவர், மீனவர் சங்கத்தினர், பள்ளிவாசல் நிர்வாகிகள், கோயில் பரிபாலன சபையினர், விகாரையின் பிக்கு, இவர்களிடம் மருந்தின் பயன் பற்றிப் புள்ளி கேட்க வேண்டாம். அது அவர்களுக்கும் சங்கடம். அவர்களுக்கென்று வேறு கேள்விகள் எழுதுங்கள்: எந்த நேரத்தில் வயலுக்குப் போகிறார்கள், எங்கே வைத்துக் கொடுத்தால் வந்து வாங்குவார்கள், வாங்கிய குளிசையை உண்மையில் போடுவார்களா, எது அவர்களைத் தடுக்கும்? அவர்களுடைய பதில்கள் ஒரு பக்கமாகச் சுருங்கி நிபுணர்களின் கைக்கு முதல் சுற்றுக்கு முன்பே போக வேண்டும். பின்னால் போனால் அலங்காரத்துக்குத்தான் உதவும்.

அப்புறம், மருந்து விநியோகத்திலோ உபகரண ஒப்பந்தத்திலோ யாருக்காவது சம்பந்தம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இருந்தால் அவர் பேசலாம், புள்ளி போட வேண்டாம்.

இரண்டு பக்கக் குறிப்பு

ஒன்பது பேரும் ஒரே தகவலைப் படித்துவிட்டுப் புள்ளி போட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் மாறுபடுவது கருத்திலா, தெரிந்த செய்தியிலா என்று பிரிக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிற்பகலில் இரண்டு பக்கம் எழுதலாம். மூன்று பக்கம் ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை: இங்கே இப்போது என்ன நடக்கிறது, வேறு இடங்களில் என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எங்களுக்கு எவ்வளவு பொருந்தும், செய்தால் என்ன கெடுதல் வரலாம், எவ்வளவு தேவைப்படும்.

"எவ்வளவு பொருந்தும்" என்பதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். டொக்சிசைக்ளினுக்குப் பலரும் சுட்டும் பரிசோதனை 1984இல் வெளியானது. பனாமாக் காட்டில் மூன்று வாரப் பயிற்சியில் இருந்த அமெரிக்கப் படையினர் 940 பேர், ஒரு பாதிக்கு வாரம் 200 மில்லிகிராம், மறுபாதிக்கு மருந்தில்லாத குளிசை. மருந்தில்லாதவர்களில் 20 பேருக்கு நோய், மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு. பார்த்தால் அசத்தலான முடிவு. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள், கட்டளைக்குக் கீழ் குளிசை போட்டவர்கள், மூன்றே வாரம் காட்டில் இருந்தவர்கள். எங்கள் பக்கத்தில் அறுபது வயதில், நீரிழிவோடு, பெரும்போகம் முழுக்கச் சேற்றில் நிற்கும் மனிதருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அந்த எண்ணிக்கை உறுதி தராது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள், நிபுணர்கள் எடைபோட்டுக்கொள்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இந்த மருந்தை வழக்கமாகத் தவிர்ப்பார்கள் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

கணக்கும் வேண்டும். 100 மில்லிகிராம் குளிசை என்றால் ஆளுக்கு வாரம் இரண்டு, ஆறு வாரத்துக்குப் பன்னிரண்டு. 20,000 பேருக்குக் கொடுக்க நினைத்தால் 2,40,000 குளிசை. களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மருந்தாளரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். இந்த ஒரு வரி சில வேளைகளில் ஒரு மணி நேர வாதத்தை மிச்சப்படுத்தும்.

முதல் சுற்று

கூகுள் ஃபோர்ம் போதும். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 9 வரை: 1 என்றால் செய்யவே கூடாது, 9 என்றால் கட்டாயம் செய்ய வேண்டும், 4 முதல் 6 வரை என்றால் இப்போதைக்குச் சொல்ல முடியாது. கீழே இரண்டு பெட்டி. ஒன்று, இந்தப் புள்ளிக்குக் காரணம். மற்றது, என்ன தகவல் வந்தால் உங்கள் புள்ளி மாறும். இந்த இரண்டாவது பெட்டியை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் வரும் பதில்கள்தான் அடுத்த நாள் எந்தத் தகவலைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று காட்டும். "முகாமில் எத்தனை கர்ப்பிணிகள் என்று தெரிந்தால்" என்று மூன்று பேர் எழுதியிருந்தால், உடனே குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களுக்கு அழைப்பு எடுங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் படிவம் வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பினால் களத்தில் நிற்பவர்களின் காரணங்கள் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். தாய்மொழியில் எழுதச் சொன்னால் ஒரு பி.எச்.ஐ. முழுப் பந்தி எழுதுவார், அந்தப் பந்தியில்தான் விஷயம் இருக்கும்.

வட்ஸ்அப் குழுவில் மட்டும் கேட்காதீர்கள். பணிப்பாளர் ஒரு கட்டைவிரல் போட்டால் அதோடு சுற்று முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இணைப்பை அனுப்புங்கள். மின்சாரமும் சிக்னலும் போய்விட்டால் தொலைபேசியிலோ, ஆளை அனுப்பித் தாளிலோ எடுக்கலாம். தொலைபேசியில் எடுப்பவர் கேள்வியை எழுதியபடியே வாசிக்க வேண்டும், தன் விளக்கம் சேர்க்கக் கூடாது, "மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால் சொல்லவும் கூடாது. கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். கால எல்லை பன்னிரண்டு மணி நேரம். பதில் வராதவருக்கு ஒரு தடவை அழையுங்கள், அதற்குப் பிறகும் இல்லையென்றால் எட்டுப் பேரோடு போகலாம், ஆனால் எட்டுப் பேர் என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

எவ்வளவு உடன்பாடு இருந்தால் ஒருமித்த கருத்து என்று கொள்வது என்பதையும் புள்ளிகள் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். 75 அல்லது 80 சதவீதம் என்று வைப்பது வழக்கம். ஒன்பது பேரில் ஏழு பேர் 7 அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் சரி என்று நான் வைப்பேன். புள்ளிகளைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தினால் முழு வேலையும் பாழ்.

இப்போது எண்களைப் பார்க்கும் விதம். கூற்று 1க்கு 7, 7, 8, 8, 8, 8, 9, 9, 9 என்று வந்தால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, தாண்டிப் போங்கள். கூற்று 2க்கு 2, 2, 3, 3, 5, 7, 8, 8, 9 என்று வந்தது என்று வைப்போம். வரிசையில் நடுவில் நிற்கும் எண், அதாவது இடையம், 5. அறிக்கையில் "5, நடுநிலை" என்று எழுதினால் அது பொய். நடுநிலையில் நிற்பவர் ஒரே ஒருவர்தான், மற்ற எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்கிறார்கள். ராண்ட் முறையில் ஒன்பது பேர் குழுவில் மூன்று பேராவது 1–3 பக்கமும் மூன்று பேராவது 7–9 பக்கமும் இருந்தால் அதைக் கருத்து வேறுபாடு என்று வெளிப்படையாகக் குறிப்பார்கள். எப்போதும் ஒன்பது புள்ளிகளையும் வரிசையாகக் காட்டுங்கள். சராசரியை மட்டும் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

பேசும் நேரம்

இரண்டாம் நாள் பிற்பகல், சூமிலோ நேரிலோ, தொண்ணூறு நிமிடம். பிரிந்த கூற்றுகளை மட்டும் எடுங்கள். பெயரில்லாமல் காரணங்களைத் திரையில் போடுங்கள். நடத்துபவர் புள்ளி போடாத ஒருவராக, முடிந்தால் வேறு மாவட்டத்தவராக இருப்பது நல்லது. பதவியில் இளையவரிடம் முதலில் கேட்டு மூத்தவரிடம் கடைசியில் வாருங்கள், இதை "இன்றைக்கு இப்படித்தான்" என்று தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். மூத்த வைத்தியர்களில் பலருக்கு இது நிம்மதியாகக்கூட இருக்கும், எப்போதும் முதலில் பேசும் சுமை அவர்களுக்கும் உண்டு.

கூற்று 2ஐப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்ன தெரியவரும்? 2, 3 போட்டவர்கள் கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளையும் குளிசைக் கையிருப்பையும் நினைத்திருப்பார்கள். 8, 9 போட்டவர்கள், முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் வெள்ளத்தில் நடந்து வந்தவர்கள், அவர்களை வரிசையில் நிறுத்தி "நீ விவசாயி, நீ இல்லை" என்று பிரிப்பது நடக்காத காரியம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சரி. கூற்றுதான் பிழை. அங்கேயே திருத்துங்கள்: "முகாம்களில், கர்ப்பிணிகளும் 8 வயதுக்குக் குறைந்தவர்களும் தவிர, வெள்ளநீரில் இறங்கிய அனைவருக்கும், முதல் இரண்டு வாரத்துக்கு." கருத்து வேறுபாடுகளில் பல இப்படித்தான், ஒரு வரியைத் திருத்தினால் கரைந்துவிடும்.

கரையாதவையும் இருக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது நாடு கொவிட் இரண்டாம் அலையின் நடுவில் இருந்தது. ஒரு பாடசாலை மண்டபத்தில் எத்தனை குடும்பங்களை வைப்பது என்ற கேள்வியில் தொற்றைப் பார்ப்பவர் குறைக்கச் சொல்வார், காற்றைப் பார்ப்பவர் முதலில் எல்லோரையும் கூரைக்குக் கீழ் கொண்டுவா என்பார். அங்கே எந்த ஆபத்தைப் பெரிதாக மதிக்கிறோம் என்பதுதான் வேறுபாடு, எந்தத் தகவலும் அதைத் தீர்க்காது. அப்படிப்பட்ட இடத்தில் நிபுணர்களைக் கட்டாயப்படுத்தி ஒரே கருத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். இரண்டு பக்கத்தையும் தெளிவாக எழுதி முடிவு எடுப்பவரின் கையில் கொடுங்கள், அது அவருடைய பொறுப்பு.

கூட்டம் முடிந்ததும் கை தூக்கச் சொல்லாதீர்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய், தனியாக, அதே படிவத்தில் மறுபடியும் புள்ளி போடட்டும். புள்ளியை மாற்றியவர் ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுத வேண்டும். புதிய தகவலால் மாறியது நல்லது. "எல்லோரும் அப்படி நினைப்பதால்" என்று வந்தால் அந்தப் புள்ளியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

கொடுக்க வேண்டிய ஒரு பக்கம்

மூன்றாம் நாள் காலை முடிவு எடுப்பவரின் மேசையில் ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு கூற்றுக்கும் பரிந்துரை, ஒன்பது புள்ளிகள், எவ்வளவு நிச்சயத்தோடு சொல்கிறோம் என்பது, மறுத்தவர்களின் காரணம் அவர்களுடைய சொற்களிலேயே, எந்தத் தேதியில் மீளாய்வு, அதற்கு முன் என்ன நடந்தால் உடனே மீளாய்வு. அந்தக் கடைசி இரண்டையும் விட்டால் தற்காலிக ஆலோசனை நிரந்தர விதியாகிவிடும். நெருக்கடியில் எடுத்த எந்த முடிவுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆயுள் கொடுக்க நான் விரும்ப மாட்டேன்.

மறுத்தவர்களின் காரணத்தை எழுதினால் மக்கள் குழம்புவார்கள் என்று யாராவது சொல்லுவார்கள். மக்கள் குழம்புவது மறைத்தது பிறகு தெரியவரும்போதுதான். பிரித்தானியாவில் அரசுக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிகள் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதே 2020 மே மாதம்தான் வெளியானது, அதுவரை அது ஒரு பெரிய புகாராகவே இருந்தது. குழுவினரின் பெயரை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். யார் எத்தனை புள்ளி போட்டார் என்பதை மட்டும் வெளியிட வேண்டாம், அது இரகசியமாக இருந்தால்தான் அடுத்த தடவையும் உண்மை பேசுவார்கள்.

முடிவு எடுப்பவர் நிபுணர்களை மீறலாமா? மீறலாம். 2022 ஜூலையில் குரங்கம்மை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழுவில் 9 பேர் வேண்டாம் என்றும் 6 பேர் வேண்டும் என்றும் சொன்னார்கள், ஆனாலும் பணிப்பாளர் நாயகம் டெட்ரோஸ் ஜூலை 23 அன்று சர்வதேச அவசர நிலையை அறிவித்தார். குழு பிரிந்திருந்தது என்பதை மறைக்கவில்லை, எண்ணிக்கையையே சொன்னார், தன் காரணத்தையும் சொன்னார். எங்கள் மாவட்டத்திலும் அதேபோல: பரிந்துரையை ஏற்றேன், பகுதியாக ஏற்றேன், ஏற்கவில்லை, காரணம் இது என்று அந்த ஒரு பக்கத்தின் அடியிலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அந்த நாலு வரி குழுவினர் ஒன்பது பேருக்கும் போக வேண்டும். மூன்று நாள் தூங்காமல் உழைத்துவிட்டு என்ன ஆனது என்று பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அவர்களை விடாதீர்கள்.

மழைக்கு முன்பே

இவ்வளவையும் வெள்ளத்தின் நடுவில் முதல் தடவையாகச் செய்ய முயன்றால் மூன்று நாள் போதாது. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு பிடித்தபோது அது எவ்வளவு வேகமாக வந்தது என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டில் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது. அந்த வேகத்துக்கு முன்னால் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

ஆகவே செப்டம்பரில், வடகீழ்ப் பருவமழைக்கு முன், இவற்றை முடியுங்கள். நாற்பது பேர் கொண்ட பட்டியல், துறை, மொழி, பிரிவு, இரண்டு தொலைபேசி இலக்கங்களோடு, அவர்களுடைய சம்மதத்தையும் வாங்கி. அதிலிருந்து எந்த நெருக்கடிக்கும் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கலாம். மொழிபெயர்த்து முடித்த வெற்றுப் படிவம். நடத்துபவர்கள் இரண்டு பேர். கூற்று எழுதவும் குறிப்பு எழுதவும் பழகிய இரண்டு பேர். முடிந்தால் ஒரு ஒத்திகை, ஒரு பிற்பகல் போதும், நுளம்புப் புகையடிப்பு வேண்டுமா வேண்டாமா என்பது போன்ற சின்னக் கேள்வி ஒன்றை எடுத்து இரண்டு சுற்றும் ஓட்டிப் பாருங்கள், படிவத்தில் எது விளங்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும். வருடாந்த இடமாற்றம் நடந்து முடிந்ததும் பட்டியலை மறுபடி பார்த்து, போனவர்களின் இடத்துக்கு வந்தவர்களிடம் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனவர்களையும் பட்டியலிலிருந்து வெட்ட வேண்டாம். பாதிக்கப்படாத பக்கத்திலிருந்து பார்ப்பவர் ஒருவரும், கூட்டத்தை நடத்த வேறு மாவட்டத்தவர் ஒருவரும் எப்படியும் தேவைப்படுவார்கள்.